பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர நாடுகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மடல்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் நிரந்தர ஆசனம் வகிக்கும் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகளுக்கு, வணக்கம்.

ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் வல்லரசுகள் தலையிடலாமா என்ற கேள்வி உங்கள் மண்டபத்தில் எழும்போதெல்லாம் இறைமை பேசப்படுகிறது, உள்விவகாரங்களில் தலையிடலாகாது என்னும் ஐ.நா. சாசனத்தின் 2ஆம் உறுப்புரை எடுத்து வாசிக்கப்படுகிறது. தலையீட்டுக்கு ஆளானவர்களின் குரலும், தலையிடுங்கள் என்று கெஞ்சிக் கைவிடப்பட்டவர்களின் குரலும் அங்கே அரிதாகவே கேட்கின்றன. இவ்விரண்டையும் ஒரே ஆயுளில் கண்ட ஊரிலிருந்து எழுதுகிறேன்.

1987 யூன் 4ஆம் திகதி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இலங்கைப் படையினரின் நடவடிக்கை முடிந்தும் முடியாமலும் இருந்த வேளையில், ஐந்து இந்திய விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் குடாநாட்டுக்கு மேல் வந்து, ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருள்களைப் போட்டுவிட்டுச் சென்றன. அதை வான்பரப்பு மீறல் என்று கொழும்பு கண்டித்தது; சட்டத்தின்படி அந்தக் கண்டனம் சரியே. ஆனால் பரசூட்டில் இறங்கிய மூட்டைகளை நோக்கி ஓடிய சனங்களுக்கு, தங்களையும் எவரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு பேணி பருப்பு வந்து சேர்ந்தது. அம்மா பாதியைச் சமைத்தார்; மீதியை அவசரத்துக்கென்று எடுத்து வைத்தார்.

அந்த அவசரம் நான்கே மாதத்தில் வந்தது. யூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் நாங்கள் மாலை போட்டு வரவேற்ற இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே ஒக்டோபர் 10ஆம் திகதி சண்டை மூண்டது. ஆயிரக்கணக்கானோருடன் நல்லூர்க் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தபோது, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, அந்தப் பேணியில் இருந்த பருப்பைத்தான் அம்மா காய்ச்சினார். ஷெல் கூவும் சத்தம் கேட்டால் பானையை மூடிவிட்டு எங்கள் மேல் கவிழ்ந்து கொள்வார். பருப்பையும் ஷெல்லையும் ஒரே நாடு அனுப்பியது எப்படி என்று பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் அந்தப் படையினர் சுட்டதில், மருத்துவர்கள், தாதியர், நோயாளர் என 60இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் படை கப்பலேறிப் போய்விட்டது. எவரும் அதற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

இவ்வளவும் பட்ட பிறகு, வெளியார் எவரும் வரவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று அவர்களின் வாசலில் நின்று மன்றாடியவர்களும் எங்கள் சனங்களே. அவர்கள் போனார்கள். அடுத்த மே மாதம் வரை வன்னியில் நடந்ததை நீங்கள் செய்மதிப் படங்களில் பார்த்தீர்கள். ஆள்கூறுகள் அறிவிக்கப்பட்டிருந்த மருத்துவமனைகள் மீதும் அரச படைகளின் எறிகணைகள் விழுந்தன. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகளும் சுட்டார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியது. உங்கள் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் அந்தப் போர் ஒரு நாளும் ஏறவில்லை. உள்விவகாரம் என்றார்கள் உங்களில் சிலர். அந்தப் போருக்கு ஆயுதம் விற்றவர்களும் உங்களில் இருந்தார்கள். ஆயுதம் விற்பது தலையீடு இல்லையென்றால் வேறு எதைத் தலையீடு என்பது?

ஆகவே தலையிடலாமா கூடாதா என்பதைவிட, தலையிட்டவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்பதே என் கேள்வி. 1999இல் கிழக்குத் திமோருக்கு அவுஸ்திரேலியா தலைமையில் சென்ற படைக்கு உங்கள் சபையின் ஆணையும் தெளிவான வேலையும் இருந்தன. சில மாதங்களில் பொறுப்பை ஐ.நா.விடம் கையளித்துவிட்டது. 2011இல் லிபியாவில் பொதுமக்களைக் காக்கவென்று 1973ஆம் இலக்கத் தீர்மானம் தந்த அனுமதி, ஆட்சியைக் கவிழ்க்கும் போராக நீட்டப்பட்டது; சிதறிய அந்த நாட்டின் துயரத்துக்குக் குண்டு போட்டவர்கள் எவரும் பொறுப்பேற்கவில்லை.

கூட்டுப் படுகொலை நடக்கும்போது, ஒரே நாடாகத் தீர்மானத்தைத் தடுக்கும் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தாதிருப்போம் என்று பிரான்சும் மெக்சிக்கோவும் 2015இல் முன்வைத்த யோசனையை நீங்கள் ஐவரும் ஏற்க வேண்டும். அதற்கும் மேலாக, எந்த நாட்டுக்குப் படை அனுப்ப அனுமதித்தாலும், அந்தப் படையால் பாதிக்கப்பட்டவர் தம் மொழியிலேயே முறையிடவும் தீர்ப்புப் பெறவும் ஒரு மன்றத்தை அதே தீர்மானத்தில் எழுதுங்கள். அது பழைய வழக்குகளையும் ஏற்குமானால், ஒக்டோபர் 21தோறும் எங்கள் வைத்தியசாலையில் படங்களின் முன் விளக்கேற்றும் குடும்பங்கள் 1987இலிருந்து எடுத்து வைத்த முறைப்பாட்டோடு முதலில் வந்து நிற்கும்.

இங்ஙனம்,
நல்லூரில் வாழும் ஒருவர்
யாழ்ப்பாணம்