அந்த வாசனை என்னுடையது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் இளைஞரின் முதல் ஜாஸ் ஆல்பத்துக்குச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தை மூன்று முறை படித்தேன். 'விரலில் வேகம் இருக்கிறது, ஆனால் பேண்டு செட்டு வாசனை இன்னும் போகவில்லை' என்று ஒரு வரி. மனசு ஆறவில்லை. முப்பத்தொரு வருஷம் பாண்டிச்சேரியிலும் கடலூரிலும் கல்யாணம், மாதா கோயில் தேர், சாவு என்று ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவன் நான். அந்தப் பையன் முதன்முதலில் ஊதியது என் வாத்தியத்தில். அந்த வாசனை என்னுடையது.

ஜாஸ் எங்கே பிறந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிணத்தை எடுத்துப் போகும்போது நிதானமாகவும், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாகவும் வாசித்த தெரு பேண்டுகளோடு வளர்ந்ததுதானே அது? ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் கடற்படை பேண்டில் வாசித்தவர். 1957-இல் தன் பெயரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது முப்பது. நாலு வருஷம் கழித்து அவர் வாசிப்பையே 'ஜாஸுக்கு எதிரானது' என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதியது.

கத்ரி கோபால்நாத்தோடு வேறு ஒப்பிட்டிருக்கிறார் விமர்சகர். கோபால்நாத்துக்கு இந்த வாத்தியத்தின் மேல் ஆசை வந்ததே மைசூர் அரண்மனை பேண்டைக் கேட்டுத்தான். அவர் வாசித்தது கர்நாடக சங்கீதம். பையன் வாசிப்பது ஜாஸ். கையில் இருப்பது சாக்ஸபோன் என்பதற்காக இருவரையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்? 1994-இல் கோபால்நாத் சாக்ஸபோன் வாசித்த 'டூயட்' படம் வந்தபிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் படத்துப் பாட்டைத்தான் கேட்டார்கள். வாசித்தேன். பந்தியெல்லாம் முடிந்தபிறகு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

மூன்றாவது உருப்படியில் 'சுருதி தடுமாறுகிறது' என்கிறார். தயவுசெய்து இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள். பையன் உதட்டைத் தளர்த்தி, ஸ்வரத்தை வேண்டுமென்றே இறக்கிப் பிடிக்கிறான். பாஸ் கிடார் வந்து சேரும் இடத்தில் மெல்லத் தூக்கி நிறுத்துகிறான். சாவு ஊர்வலத்தில் பெண்கள் அழும் குரலோடு சேர்வதற்கு நான் அப்படித்தான் இறக்குவேன். ஆறு மாதம் ஒரே ஸ்வரத்தை ஊத வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது. கடல் காற்றுக்கு, வாத்தியத்தின் துளைகளை மூடும் பேடு ஊறி ஒட்டிக்கொள்ளும். சிகரெட் தாளைக் கிழித்து, பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் தினமும் உட்காருவான். அந்த உழைப்புக்கு இரண்டு பத்தி. அதில் பாதி அவன் போட்டிருந்த தொப்பியைப் பற்றி.

போன வருஷம் ஜூன் 21 இசைத் திருவிழாவுக்குக் கடற்கரைச் சாலையில் வாசித்தோம். தங்கள் இதழில் வந்த படத்தில் நிற்பவர்கள் நாங்கள். கீழே 'புதுவையில் பிரெஞ்சு இசை விழா' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதற்கும் கடிதம் எழுதினேன், அது இதழில் வரவில்லை.

இப்போது கேட்பது இவ்வளவுதான். விமர்சனத்தோடு வந்த படத்தின் கீழே 'ஆல்ட்டோ' என்று இருப்பது தவறு. பையன் வைத்திருப்பது அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோன். கழுத்து வளைவைப் பார்த்தாலே தெரியும். பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசித்த மூவரின் பெயரும் விமர்சனத்தில் இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போட்டாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேண்டு வாத்தியக்காரர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி