தரச்சான்று கிடைத்தது: நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர்

அனைவருக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்துக்குத் தர அங்கீகாரம் கிடைத்துவிட்ட செய்தி இதற்குள் உங்களை எட்டியிருக்கும். தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் என்பதால் வாழ்த்துகள் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. உரியவர்களிடம் அவற்றைச் சேர்ப்பதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பதிவறை ஊழியர்களுக்கு. அங்கீகாரத்துக்காக நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொடுக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையில், அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழுவினர் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்பார்கள். "பாடத்திட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றி வருகிறோம்" என்று எழுதிவிட்டால் போதாது. மாற்றம் வேண்டும் என்று யார் கேட்டார்கள், எந்தக் கூட்டத்தில் முடிவானது, மாற்றிய பிறகு மாணவர்களின் தேர்ச்சி எப்படி இருந்தது என்று காட்டியாக வேண்டும். பாடக்குழுவின் கூட்டக் குறிப்புகளையும் ஆய்வகப் பாதுகாப்புச் சோதனைத் தாள்களையும் யாருமே கேட்காத காலத்திலும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தீர்கள். மதிப்பீட்டுக் குழுவினர் கேட்ட கோப்புகள் கேட்டவுடன் வந்தன. நாங்கள் எழுதியதை அவர்கள் நம்பினார்கள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

அடுத்து, தங்கள் துறையின் பலவீனத்தை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு. முதலாண்டுக் கணிதத்தில் தோல்வி அதிகம் என்று ஒரு துறை நேராகவே எழுதியது. ஏன் அதிகம், அதற்காகச் சிறு குழுக்களாகப் பயிற்சி வகுப்பு தொடங்கியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியது. இதையெல்லாம் வெளியார் படிக்கும் அறிக்கையில் போடலாமா என்று தயங்கியவர்கள் உண்டு. குழுவினர் மிகவும் விரும்பிப் பேசியது அந்தப் பக்கங்களைப் பற்றித்தான். குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறதா என்பதே அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

மாணவர்களே, உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் யாரும் இல்லாத அறையில் குழுவினர் உங்களைச் சந்தித்தார்கள். நூலகத்தைச் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள் என்றும், பழைய வகுப்புக் கட்டடத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் இப்போது பரிந்துரைகளில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் மீது அக்கறை இருந்ததால்தான் சொன்னீர்கள். அந்த அக்கறைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, இந்த அங்கீகாரத்தால் என்ன கிடைக்கும் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை வேறிடத்தில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, பட்டம் தந்த நிறுவனம் தரம் சோதிக்கப்பட்டதா என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள். 1997இன் லிஸ்பன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பெரிய வேறுபாடு இருப்பதாகக் காட்ட முடிந்தால் தவிர, ஒன்றின் கல்வித் தகுதியை மற்றொன்று ஏற்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அப்படி ஏற்பதற்கு அடிப்படையாக நிற்பது தரச்சான்றுகள் தரும் நம்பிக்கை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இப்போது கிடைத்திருப்பது நிறுவனத்துக்கான அங்கீகாரம். பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத் தனி மதிப்பீடு உண்டு. ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் 1989இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்பாடு அங்கீகரிப்பது தனித்தனிப் பட்டப்படிப்புகளைத்தான். நம் பொறியியல் துறைகள் அந்த மதிப்பீட்டுக்கு இனிமேல்தான் தயாராக வேண்டும். அதுவரை இந்தச் சான்றைக் காட்டி அதிகமாக எதையும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீட்டுக் குழுவில் வந்தவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள், நிர்வாகிகள்தான். தங்கள் வகுப்புகளையும் ஆய்வுகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு நம் அறிக்கையை வரிவரியாகப் படித்து வந்திருந்தார்கள். கல்விக்கூடங்கள் தாங்களாகவே ஒன்றுகூடித் தமக்குள் தரத்தைப் பேணும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் அதற்கான சங்கம் 1885லேயே உருவானது. அந்த மரபின் பலன் இன்று நமக்கும் கிடைத்திருக்கிறது. இங்கே வந்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

துப்புரவுப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், கணினிப் பிரிவினர், விடுதிக் காப்பாளர்கள், உங்கள் அனைவருக்கும் நன்றி. வேலை அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வந்த முன்னாள் மாணவர்களுக்கும், நம் பட்டதாரிகளிடம் என்ன குறைகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன முதலாளிகளுக்கும் நன்றி. இரவில் தாமதமாக வீடு திரும்பிய எங்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கு என்ன சொன்னாலும் போதாது.

அப்புறம், செய்ய வேண்டிய வேலை. அங்கீகாரத்துக்குக் கால வரம்பு உண்டு; பரிந்துரைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றினோம் என்று அடுத்த மதிப்பீட்டில் கேட்பார்கள். நூலக நேரமும் சாய்தளமும் வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் இரண்டு பொருள்கள். குழுவின் முழு அறிக்கையும் நூலக முகப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. பாராட்டுப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பரிந்துரைகளை முதலில் படித்துவிட்டு, உங்கள் கருத்தை எழுதிப் பக்கத்திலுள்ள பெட்டியில் போடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒருங்கிணைப்பாளர், தர உறுதிப் பிரிவு