பெயர் மாறிய மாதா

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு.

ஃபுளோரன்ஸ் போய் வந்தேன். கல்லூரியில் பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து வரைந்தவர் ‘சிமாபுவே’ என்று நாம் மனப்பாடம் செய்த ரூச்செல்லாய் மாதா ஓவியம் ஞாபகம் இருக்கிறதா? உஃபீத்சி அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றேன். நாலரை மீட்டர் உயரம்! பெயரட்டையில் ஓவியர் என்று இருப்பது துச்சோ.

1550-இல், ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி அதைச் சிமாபுவேயின் படைப்பு என்று எழுதினார். எக்காளம் ஊதி ஊரே ஊர்வலமாகத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனதாம். அந்தக் கதையின் அழகிலேயே எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆனால் 1285 ஏப்ரல் 15-இல் எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மாதா புகழ் பாடும் சபையார், பெரிய பலகையில் மாதாவையும் குழந்தையையும் வரைய, சியேனா ஊர்க்காரரான துச்சோவுக்கு 150 லிரா பேசியிருக்கிறார்கள். தங்கமும் நீலமும் ஓவியர் செலவு. படம் மனதுக்குப் பிடிக்காவிட்டால் வாங்க மாட்டார்கள். என்ன கறார் பார்!

இந்த ஒப்பந்தம் 1790-இல் அச்சிலேயே வந்துவிட்டது. இந்தப் படத்தைத்தான் அது சொல்கிறது என்று கலை வரலாற்றாளர் விக்கோஃப் வாதிட்டது 1889-இல். அப்புறமும் சிலர் விடவில்லை. அது வேறு படத்துக்கானது என்றார்கள். இரண்டு பேரும் இல்லை, பெயர் தெரியாத மூன்றாமவர் என்றும் சொன்னார்கள். இன்று ஏறக்குறைய எல்லோருமே துச்சோ என்கிறார்கள்.

எனக்குக் காகிதத்தைவிட அந்தக் கரைதான் சாட்சி. மாதாவின் நீல அங்கி ஓரத்தில் பொன் கரை ஒன்று ஓடுகிறது. மடிப்புக்குள் மறைந்து, வெளியே வந்து, முழங்காலில் வளைந்து, தரைவரை நெளிந்து இறங்குகிறது. கண் அதன் பின்னாலேயே போகிறது. அதே அருங்காட்சியகத்தில் சிமாபுவேயின் மாதாவும் இருக்கிறாள். அவள் அங்கி முழுக்கப் பொன் கோடுகள், கம்பீரமாக, இறுக்கமாக. அந்தக் கை இந்தக் கரையை இப்படி அலைய விட்டிருக்காது. இத்தனை நூற்றாண்டு தன் உழைப்புக்கு இன்னொருவர் பெயரைச் சுமந்த மனிதரை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டு மாதாக்களின் அஞ்சலட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் பின்பக்கம் இருக்கிறது. திருப்பிப் பார்க்காமல் எது யார் கை என்று எழுது.

அன்புடன்,
ரவி