நீர்நாய்க்கு வைத்த கூண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொண்டிக்கு அருகே ஓர் இறால் பண்ணையின் கரையோரத்தில், உயிருள்ள கெளுத்தி மீனை இரையாகக் கட்டி, பாதி நீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்த கம்பிக் கூண்டொன்றை அண்மையில் கண்டேன். நீர்நாய்க்காக வைத்தார்களாம், உள்ளே சிக்கிக் கிடந்ததோ, வாயில் ரத்தம் கசியக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கீரி. நீர்நாயே சிக்கினாலும், மூச்சு விட நீர்மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு என்பதால், மடை திறந்து நீர் ஏறும்போது கூண்டுக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாறு பிடிப்பதைத் தடை செய்கிறது. தமிழகத்து ஆற்று நீர்நாயைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பதற்கும் 2019 முதல் தடை உள்ளது. இறாலைப் பறிகொடுப்பவரின் கவலை நியாயமானதே. ஆகவே வனத்துறை இத்தகைய கூண்டுகளை அகற்றுவதுடன், பண்ணைக் கரைகளில் வலைவேலி அமைக்கும் செலவில் ஒரு பங்கு மானியமாகக் கிடைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.