அட்டாரியில் கணக்கு விளையாட்டு எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அட்டாரி 2600 என்ற பழைய வீடியோ விளையாட்டுக் கன்சோலுக்கு ஒரு கணக்கு விளையாட்டு எழுதப்போகிறேன் என்று நீ சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே 'பேசிக் மேத்'தை இழுப்பார்கள். 1977 செப்டம்பரில் அந்தக் கன்சோலோடு சேர்ந்தே கடைக்கு வந்த ஒன்பது கேட்ரிட்ஜ்களில் அது ஒன்று. எழுதியவர் கேரி பால்மர். அளவு மொத்தமே 2 கிலோபைட். பத்துக் கணக்கு கொடுக்கும், எத்தனை சரி என்று காட்டும், முடிந்தது. பின்னால் 'ஃபன் வித் நம்பர்ஸ்' என்று பெயரை மாற்றினார்கள். பெயரில் வந்த 'ஃபன்' ஆட்டத்துக்குள் வரவில்லை.

இருந்தாலும் முதலில், அட்டாரி ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் ஸ்டெல்லா எமுலேட்டரில் அதை ஓட்டிப் பார்த்துவிடு. எண் விசைகள் இல்லாத பெட்டியில் விடையை எப்படி வாங்குவது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது: ஜாய்ஸ்டிக்கை மேலும் கீழும் தள்ளினால் இலக்கம் மாறும், பொத்தானை அழுத்தினால் விடை போய்ச் சேரும். நீ எழுதும்போது ஒன்றாம் இடத்தில் தொடங்கி இடப்பக்கம் நகரும்படி வை. தாளில் பிள்ளைகள் அப்படித்தான் கூட்டுகிறார்கள்.

ஜாய்ஸ்டிக்கை நொடிக்கு 60 முறை, அதாவது ஃபிரேமுக்கு (திரை முழுதும் ஒருமுறை வரையப்படுவதற்கு) ஒரு முறை படிப்பாய். அரை நொடி அழுத்திப் பிடித்தால் இலக்கம் 30 தடவை ஓடிவிடும். ஆகவே முதல் தள்ளலுக்கு உடனே ஒரு படி, பிறகு 20 ஃபிரேம் காத்திருப்பு, அதன்பின் 6 ஃபிரேமுக்கு ஒரு படி. இதைச் சரியாகச் செய்யாவிட்டால், விடை தெரிந்த பிள்ளையும் தோற்கும்.

இனி கணக்கைப் பார்ப்போம். உள்ளே இருக்கும் 6507 சில்லுக்குப் பெருக்கவும் தெரியாது, வகுக்கவும் தெரியாது. ஆனால் தசம முறை உண்டு. அதை முடுக்கும் எஸ்இடி கட்டளை கொடுத்துவிட்டுக் கூட்டினால் 8-உம் 5-உம் நேராக 1, 3 என்று இரண்டு இலக்கமாகவே பைட்டில் உட்காரும். திரையில் காட்டத் தனியாகப் பிரிக்க வேண்டாம். 9 × 7 வேண்டுமா, 7-ஐ ஒன்பது தடவை கூட்டு. சுற்றுக்கு 10 சுழற்சி (சில்லின் துடிப்பு), மொத்தம் 90 சொச்சம். திரையில் ஒரு கிடைக்கோடு வரையும் நேரத்துக்கு 76 சுழற்சி. படம் வரையத் தொடங்குமுன் 37 கோடு ஓய்வு கிடைக்கிறது. தாராளம்.

கால் வழுக்கும் இடங்கள் மூன்று. கூட்டி முடித்ததும் தசம முறையை அணைக்கும் சிஎல்டி கொடுக்க மறந்தால், அடுத்து வரும் சாதாரணக் கூட்டலும் தசமத்தில் நடந்து, திரையில் உருவங்கள் கண்டபடி தாவும். ஒன்றைக் கூட்டும் ஐஎன்சி கட்டளை தசம முறையை மதிக்காது; 9-க்கு அடுத்து 10 வராமல் ஏதோ குப்பை எழுத்து வந்தால் காரணம் இதுதான். தசமக் கூட்டலுக்குப் பின், விடை பூச்சியமா என்று சில்லு காட்டும் சுழியக் கொடியை நம்பாதே. அடுத்த இடத்துக்கு 1 போகிறதா என்று காட்டும் கேரி கொடியை மட்டும் நம்பலாம்.

வகுத்தல் கணக்கைத் தலைகீழாக உருவாக்கு. முதலில் ஈவு, பிறகு வகுக்கும் எண், வகுக்கும் எண்ணைவிடச் சிறிய மீதி. மூன்றையும் வைத்துப் பெருக்கிக் கூட்டினால் வகுபடும் எண் தயார். பூச்சியத்தால் வகுக்கும் ஆபத்தே இல்லை. கழித்தலில் மேலே சிறிய எண் விழுந்தால் இரண்டையும் இடம் மாற்று.

கணக்குக்கான எண்களைக் குலுக்கி எடுக்க எட்டு பிட் நகர்வுப் பதிவேடு போதும்: வலப்பக்கம் ஒரு பிட் தள்ளு, வெளியே விழுந்தது 1 என்றால் 184-ஓடு எக்ஸார் செய் (இரண்டு பிட் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0). 255 எண்களைச் சுற்றி வரும். தொடக்கம் 0 என்றால் அங்கேயே நின்றுவிடும். பெட்டியில் கடிகாரம் கிடையாது. ஆடுபவர் பொத்தானை அழுத்தும்வரை ஃபிரேம்களை எண்ணி அதைத் தொடக்கமாக வை. கடைசி நான்கு பிட்டை எடுத்து, 9-க்கு மேல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி குலுக்கு. சோம்பேறித்தனமாகப் பத்தைக் கழித்தால் 0 முதல் 5 வரை இரட்டிப்பாக வரும்; ஆறாம், ஏழாம் வாய்ப்பாடு பாவம், அதில் பாதிதான் தலைகாட்டும்.

எண்களைப் பிளேஃபீல்டில் (திரையின் பின்னணியில்) வரைந்தால், அதன் மூன்று பதிவேடுகளில் பிஎஃப்1 நேராகவும், பிஎஃப்0, பிஎஃப்2 இரண்டும் தலைமாற்றியும் பிட்டுகளைக் காட்டும். பிஎஃப்2-இல் 3 திரும்பி நிற்கும். அதற்கென்று கண்ணாடிப் பிம்ப எழுத்துரு ஒன்று தனியாக வேண்டும்.

ஆட்ட வடிவத்துக்கு நிண்டெண்டோவின் 'டாங்கி காங் ஜூனியர் மேத்'தைப் பார். ஜப்பானில் 1983-இல் வந்தது. அது ஓடிய நிண்டெண்டோ கன்சோலின் சில்லில் தசம முறையே கிடையாது, அது வேறு கதை. மேலே நிற்கும் குரங்கு ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டும். கீழே ஆடும் இருவரும் சங்கிலிகளில் ஏறி எண்களையும் குறிகளையும் பொறுக்கி அந்த எண்ணை அடைய வேண்டும். எந்த வழியில் அடைவது என்பது ஆடுபவர் பாடு. எதிராளி இருக்கும்வரை நன்றாக இருக்கும். தனியாக ஆடினால் சப்பென்று ஆகிவிடும். எங்கள் யோசனை, இந்த இலக்கு முறையையே 2 கிலோபைட்டுக்குள் கொண்டு வா; எதிராளி இல்லாதபோது நேரத்தை எதிராளியாக்கு. தவறான விடைக்குப் போடும் ஒலி சரியான விடையின் ஒலியைவிட வேடிக்கையாக இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளைகள் வேண்டுமென்றே தப்புப் போடும்.

ஃபிரேமுக்கு 262 கோடு மாறாமல் வருகிறதா என்று ஸ்டெல்லாவில் சரிபார். பத்துக் கணக்கு தடங்கலின்றி ஓடியதும் கோப்பை அனுப்பு, பார்க்கிறோம்.

அன்புடன்,
அண்ணன்மார்