ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய அட்டை செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியம் என்றதும் பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் நிற்கும் வெண்மரத்துக்கு அவர் வண்ணமே வைக்கவில்லை என்று தோன்றுகிறது. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் மலையின் ஊதாவை விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். என் மாணவர்கள் இதற்காக எத்தனை தாள் கிழித்திருப்பார்கள்!

மதுக்கடை வாசலில் போலீஸ் நின்று அடையாள அட்டை கேட்பதை எழுதிவிட்டு, "இத்தனை பேர் குடியால் அழியும்போது தடை நல்லதுதானே அப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் சித்தப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்த வீடு இது. மது என்ற சொல்லே எனக்குக் கசக்கும். ஆனாலும் உடனே ஆமாம் என்று சொல்ல வரவில்லை. காரணம் அந்த அட்டையை வரைந்தவர்தான்.

உன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட ஆட்சிப்பகுதியில் 1953-ல் ஒரு நலச் சட்டம் இயற்றினார்கள். பழங்குடி என்ற சொல் அதில் கிடையாது. வாக்குரிமை இல்லாதவரை அரசின் பாதுகாப்புக்கு உட்பட்டவர் என்று அறிவிக்கலாம் என்று மட்டும் இருந்தது. அங்கே யாருக்கு வாக்கு இல்லை என்பது ஊரறிந்தது. அப்படிப் பதிவேட்டில் ஏறியவர் மது வாங்கக் கூடாது. அவருக்கு மற்றவர் கொடுப்பதும் குற்றம். எங்கே வசிப்பது, யாரை மணப்பது என்பதிலும் அதிகாரிகள் தலையிட்டார்கள்.

நமட்ஜிரா அதற்குள் புகழ் பெற்றிருந்தார்; 1954-ல் எலிசபெத் அரசியையே சந்தித்தவர். அதற்கு முன்பு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி மறுத்திருந்தார்கள். 1957-ல் அவரையும் மனைவி ரூபினாவையும் மட்டும் பதிவேட்டிலிருந்து விலக்கினார்கள். வளர்ந்த பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள். அப்பா கடையில் பாட்டில் வாங்கலாம், மகனுக்கு ஒரு வாய் கொடுத்தால் சிறை! அவருடைய இனமான அரெண்டெ மக்களிடம், கையில் இருப்பதை உறவோடு பகிர்வது கடமை, கயல். பகிராதவன் மனிதனே இல்லை என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே.

1958-ல் காரின் இருக்கையில் ஒரு ரம் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். உறவினரும் ஓவியருமான ஹெனாக் ராபெராபா அதை எடுத்துக் குடித்தார். அதற்காக நமட்ஜிராவுக்கு ஆறு மாதச் சிறை. மேல்முறையீட்டில் அது மூன்று மாதமானது. பாப்புன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் இரண்டு மாதம் கழித்தார். 1959 ஆகஸ்டில் இறந்துபோனார், வயது 57. தடை 1964-ல்தான் விலகியது.

மதுவே வேண்டாம் என்று ஒரு ஊர்ப் பெண்கள் கூடி முடிவெடுத்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அங்கேயும் அப்படிக் கேட்கும் பழங்குடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் மேல் போட்ட பூட்டு வேறு. உன் மருத்துவமனைக்கு வரும் வயதானவர்களில் சிலர் அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களாக இருப்பார்கள். "குடிப்பீர்களா?" என்று கேட்கும்போது உன் குரல் போலீஸின் குரலாக இருந்துவிடக் கூடாதம்மா. முதலில் பேரப் பிள்ளைகளை விசாரி.

அட்டையின் பின்புறம் மலையின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று யாரிடமாவது கேட்டு எழுது. படத்தைச் சட்டம் போட்டு மாட்டும்போது அதைக் கீழே எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா