மேல்மண்ணை அள்ளிவிட்டு மரம் நடச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் காடுகளுக்கும் மரநடுகைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கிறவல் (சரளை மண்) அகழ்ந்து முடித்த மேட்டில் கடந்த ஜூன் மாதம் நடப்பட்ட கன்றுகளின் கதி தாங்கள் அறிந்ததே. அவற்றுக்கு நீர் ஊற்றும் பொறுப்பு எங்கள் ஊர் மாதர் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வறண்ட கச்சான் காற்று வீசிய அந்த மாதங்களில், குளத்தில் வற்றியது போக மிஞ்சிய நீரை அவர்கள் குடங்களில் சுமந்து மேடேறினார்கள். கன்றுகள் கருகிய பின்னர், பராமரிப்புப் போதாமையே காரணம் என்று அவர்களுக்கு எழுத்தில் ஒரு பதில் வந்தது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் அந்தப் பழியை நான் மறுக்கிறேன்.

கருகிய பாலைக் கன்றுகள் சிலவற்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர்கள் பொலித்தீன் பையின் வடிவிலேயே சுருண்டு கிடந்தன. சுற்றியிருந்த கிறவலுக்குள் ஒரு வேர்கூட இறங்கியிருக்கவில்லை. அதே மேட்டின் ஓரத்தில், டோசர் தொடாமல் விட்ட காட்டுத் துண்டில், தானாக முளைத்த பாலைக் கன்றுகள் யாரும் நீர் ஊற்றாமலே பச்சையாக நின்றன. இரண்டுக்கும் அடித்தது ஒரே வெயில். ஓரத்துக் கன்றுகளுக்குச் சருகு மூடிய மேல்மண்ணும் அதற்குள் வாழும் பங்கசுக்களும் (பூஞ்சைகளும்) இருந்தன. நட்ட கன்றுகளுக்கு இரண்டும் இல்லை.

பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய எங்கள் வறண்ட வலய மரங்களில் மிகப் பெரும்பாலானவை, வேர்க் கலங்களுக்குள்ளேயே புகுந்து வாழும் பங்கசுக்களோடு கூட்டுச் சேர்ந்தவை. மரம் தன் இலைகளில் ஆக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கிறது. அவை வேர்மயிர் நுழைய முடியாத இடுக்குகளுக்குள் நுண்ணிய இழைகளைச் செலுத்திப் பொசுபரசையும் நீரையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டுறவின் தடயம் உண்டு. மரத்துக்கு ஏற்பப் பங்கசு மாறுகிறது: சிங்கராஜ வனத்தின் ஹொர மரமும், பைனஸும் வேரை வெளியே உறையாக மூடும் வேறொரு வகையை நாடுகின்றன, யூக்கலிப்டஸ் இரு வகையையும் ஏற்கிறது. மண்ணுக்கு ஏற்பவும் மாறுகிறது: அமிலத்தன்மை, ஈரம், காற்றோட்டம், சருகின் அளவு, பொசுபரசின் அளவு ஆகியவையே எந்தப் பங்கசு நிலைக்கும், எது மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

வேர்க் கலத்துக்குள் வாழும் இந்தப் பங்கசுக்கள் காளானைப் போலக் குடை விரித்துக் காற்றில் வித்திகளைத் தூவுவதில்லை. அவற்றின் வித்திகள் மண்ணுக்குள்ளேயே உருவாகின்றன. உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் அவை வளர்வதும் இல்லை. ஆகவே மேல்மண் லொறியில் ஏறும்போது அவையும் ஏறிப் போகின்றன. எஞ்சிய கிறவலில் உள்ள இரும்பு, இருக்கும் சிறிதளவு பொசுபரசையும் விடாமல் பற்றிக்கொள்கிறது. பங்கசின் உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த இடத்துக்கு, ஆற்று மணலும் தும்புத்தூளும் உரமும் கலந்து நிரப்பிய பையில், காட்டு மண்ணையே அறியாமல் வளர்ந்த கன்றை அனுப்புகிறீர்கள். குடம் குடமாக ஊற்றினாலும் அது எப்படிப் பிழைக்கும்?

ஓரத்துப் பாலை மரங்களின் அடியிலிருந்து சில கூடை மண் எடுத்துக் கன்றுக் குழிகளில் இட அனுமதி கேட்டோம். காட்டு மண்ணை எடுப்பது குற்றம் என்று மறுக்கப்பட்டது. சட்டத்தை மதிக்கிறோம், கூடைகளோடு திரும்பிவிட்டோம். ஆனால் அதே மேட்டின் மேல்மண் முழுவதும் பெக்கோ இயந்திரத்தால் வழித்து ஏற்றப்பட்டபோது அதற்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. அதை வழங்கியது வேறு அலுவலகமாக இருக்கலாம். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மேடுதான்.

எங்கள் முதற் கோரிக்கை இதுதான்: மேல்மண்ணை அள்ள விடாதீர்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில், அதைத் தனியாக வழித்து, உயரமாகக் குவித்து நெடுங்காலம் போட்டுவைக்காமல், அகழ்வு முடிந்ததும் அதே நிலத்தில் பரப்ப வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனையாக்குங்கள். நாற்றுமேடைப் பைகளில் அந்தந்த மர இனத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண் சேரட்டும்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்த மாவட்டத்தின் மரங்களை முறித்துப் போட்டதை எங்கள் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மரங்கள் விழுந்தாலும் மண் இருந்த இடத்திலேயே இருந்ததால் காடு மீண்டும் எழ வழியிருந்தது. டோசர் போன இடத்துக்கு அந்த வழியும் இல்லை. முதல் மழைக்குப் புற்றடியில் காளான் பிடுங்கிய பெண்கள் இப்போது வெறும் கையோடு திரும்புகிறார்கள். சருகையும் பட்ட மரத்தையும் கொண்டு கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் காளான் அது, புற்றையே தரைமட்டமாக்கிய பின் எங்கிருந்து முளைக்கும்? போதாததற்கு, உலக சுற்றாடல் தினம் ஜூன் 5 என்பதற்காக, கிழக்கில் கோடை உச்சத்தை நெருங்கும் வேளையில் கன்று நடுகிறோம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை படங்களோடு மேலிடத்துக்குப் போகிறது. பிழைத்தவற்றை யாரும் வந்து எண்ணவில்லை. எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வேதனை தருகிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த நடுகையை மாரியின் தொடக்கத்துக்கு மாற்றித் தருமாறும், மேல்மண் அகழ்வுக்கு மேற்சொன்ன நிபந்தனையை விதிக்குமாறும், தங்கள் மேற்பார்வையிலேயே சில கூடை காட்டு மண் எடுக்க எங்களை அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மாதர் சங்கத்துக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தையும் தயவுசெய்து மீளப் பெறுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை ஆசிரியை ஒருவர்